ஜெபம் குறைந்தவன்தான் விழுகிறானா?

கேள்வி: 2025 மார்ச் 9, ஞாயிறு இரவு

அண்ணன், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்தின் முதல் ஞாயிறு என்பதால் இன்று எங்கள் சபையில் வனாந்தரச் சோதனையைப் பற்றிப் பிரசங்கம். ஒரு வாக்கியம் மனத்தை விட்டுப் போகவில்லை. ஜெபமும் வேத வாசிப்பும் ஒழுங்காக இருக்கிறவனைச் சோதனை தொடாது, விழுகிறவன் எங்கோ ஜெபத்தைக் குறைத்திருக்கிறான் என்றார் பிரசங்கியார். நான் வேலைக்காக ஓசூரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். காலையில் ஒரு மணி நேரம் ஜெபிக்கிறேன். அப்படியும் ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். இன்னும் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டுமா? அல்லது என் ஜெபமே பொய்யா?

2025 மார்ச் 10

தம்பி, நான் வாழ்நாளிலேயே அதிகமாக ஜெபித்த ஆண்டு 2022. வாழ்நாளிலேயே மோசமாக விழுந்ததும் அதே ஆண்டில்தான். ஆகவே உங்கள் பிரசங்கியார் சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

அப்போது எங்கள் சபைக்கு நான் பொருளாளர். ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்தினேன். அருணோதய ஜெபத்துக்குக் கதவைத் திறக்கும் ஆலயச் சாவியும் என்னிடம்தான் இருந்தது. அதே ஆள்தான் இரவு பதினொன்றரை மணிக்கு, மனைவி தூங்கிவிட்டாளா என்று மூச்சுச் சத்தத்தை வைத்துக் கணித்துவிட்டு, போர்வைக்குள் போனின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பணம் கட்டி ரம்மி ஆடினான். முதலில் ஐம்பது, நூறு. பிறகு ஐந்நூறு. விட்டதைப் பிடிக்க ஆயிரம்.

அந்த டிசம்பரில் அசனப் பண்டிகைக்கு, அதாவது சபையார் எல்லாரும் ஆலயத்தில் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, வசூல் நடந்துகொண்டிருந்தது. வெளியூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பலர் பணத்தை என் போன் எண்ணுக்கே அனுப்பினார்கள். என் சம்பளத்தின் மிச்சமும் ஆலயத்தின் பணமும் திரையில் ஒரே தொகையாகத் தெரிந்தன. ஓர் இரவு அதிலிருந்து 3,000 ரூபாய் போயிற்று. ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் திருப்பி வைத்துவிட்டேன். கணக்குப் பார்த்தவர் ஒரு பிழையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். பணம் போன அந்த இரவுக்கு அடுத்த அதிகாலையிலும் நான் முழங்காலில்தான் இருந்தேன். கண்ணீரோடுதான் ஜெபித்தேன். அந்த ஜெபம் பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆகவே உங்களுடையதையும் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வனாந்தரப் பகுதியையே திரும்பப் படித்துப் பாருங்கள். இயேசு நாற்பது நாள் உபவாசம் இருந்து முடித்த பிறகுதான் சோதனைக்காரன் வருகிறான். அவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோனவரே ஆவியானவர் என்று மத்தேயு எழுதுகிறார். ஜெபிக்கிறவனைச் சோதனை தொடாது என்றால் அந்த நான்காம் அதிகாரத்துக்கு வேதத்தில் இடமே இல்லை.

கெத்செமனேயில் சீஷர்களிடம் அவர் சொன்னது "விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்". முன்னால் நிற்கும் சொல்லை நாம் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். எனக்கு ஜெபம் இருந்தது, விழிப்பு இல்லை. ஒரு மணி நேரத்தை இரண்டு மணி நேரமாக்குமுன் ஒன்றை எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் விழுவது எத்தனை மணிக்கு?

எப்படி வெளியே வந்தேன் என்று இன்று எழுத மனம் வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

2025 மார்ச் 10, இரவு

காலையில் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் ஜெபம் காலை ஐந்து மணிக்கு. என் வீழ்ச்சி இரவு பதினொன்றரைக்கு. நடுவே பதினெட்டரை மணி நேரம். காலையில் குடித்த கஞ்சி இரவுப் பசிக்குத் தாங்குமா? ஆனால் காலை ஜெபம் மட்டும் நள்ளிரவு வரை தாங்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

2025 மார்ச் 12

என் அப்பாவுக்குத் தாமிரபரணிப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. பிசான நடவு முடிந்ததும் தினமும் விடியற்காலையில் மண்வெட்டியோடு வரப்பைச் சுற்றி வருவார். சிறுவனாக நானும் கூடப் போவேன். வரப்பின் பக்கவாட்டில் நண்டு வளை இருக்கும். கட்டைவிரல் நுழையும் அளவு துளைதான். வாயில் உருண்டை உருண்டையாக ஈர மண் கிடக்கும். அந்த மண் உருண்டையைப் பார்த்துத்தான் வளையைக் கண்டுபிடிப்பார். சேற்றை அள்ளித் திணித்து, குதிகாலால் ஓங்கி மிதிப்பார். மழைநாளில் நான்கு வயல் தள்ளி யாருடைய வரப்பாவது உடைந்து நாற்றெல்லாம் போகும். நேற்றைய மழைதான் உடைத்தது என்று ஊர் பேசும். அப்பா பேசாமல் தன் வரப்பைச் சுற்றப் போய்விடுவார்.

என்னுடைய உடைப்பு டிசம்பர் இரவில் நடந்தது என்றுதான் இரண்டு நாள் முன்பு எழுதினேன். அது சரியில்லை. வளை எப்போது விழுந்தது என்று தேடிக்கொண்டு போனால் ஜூன் மாதத்தில் போய் நிற்கிறது. இலவசமாக ஆடலாம் என்று ஒரு விளம்பரம் வந்தது. பணம் இல்லையே, சும்மா சீட்டுத்தானே என்று இறக்கிக்கொண்டேன். அந்த மாதத்திலேயே போனைப் படுக்கைக்குக் கொண்டுபோகத் தொடங்கினேன். அலாரத்துக்கு என்று மனைவியிடம் சொன்னேன். அருணோதய ஜெபத்துக்கு எழுந்திருக்க வேண்டாமா? ஜெபத்தின் பேரைச் சொல்லித்தான் போன் தலையணைக்கு வந்தது.

மூன்றாவது வளை எனக்கே வெகுநாள் தெரியாமல் இருந்தது. இரவில் மனைவியோடு சேர்ந்து செய்த குடும்ப ஜெபத்தை, நான் காலையில்தான் ஜெபிக்கிறேனே என்று நிறுத்தியிருந்தேன்.

2025 மார்ச் 14

வாசகர் ஒருவர் கோபத்தோடு கேட்டிருக்கிறார்: வளை, வரப்பு என்று ஏன் சுற்றிப் போக வேண்டும், பிசாசை எதிர்த்து நின்றால் ஓடிப்போவான் என்று யாக்கோபு எழுதியிருக்கிறாரே?

எழுதியிருக்கிறார். அதே யாக்கோபு முதல் அதிகாரத்தில், அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான் என்றும் எழுதியிருக்கிறார். பிசாசை எதிர்க்கலாம், என் இச்சை எனக்குள்ளேயே அல்லவா இருக்கிறது? அந்தச் "சிக்குண்டு" என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல் இரை காட்டிப் பிடிப்பதைக் குறிப்பது. என் மனைவி கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவள். தூண்டில்காரர்கள் எல்லா மீனுக்கும் ஒரே இரையைக் கோப்பதில்லை, சிலதுக்குக் கணவாய்த் துண்டு, சிலதுக்குச் சாளை என்பாள். குடிக்காதவன், பிற பெண்களை ஏறிட்டுப் பார்க்காதவன் என்று என்னைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இருந்தது. அந்த இரைகள் எனக்கு உரியவை அல்ல, அவ்வளவுதான்.

எதிர்த்து நிற்பதைப் பற்றியும் சொல்கிறேன். யோசேப்பு போத்திபாரின் மனைவியோடு வாதாடி ஜெயிக்கவில்லை. வஸ்திரத்தை அவள் கையில் விட்டுவிட்டு வெளியே ஓடினான். வெட்கத்தைப் பார்க்காமல் ஓட வேண்டிய இடத்தில் ஓடத்தான் வேண்டும்.

எதிர்த்து நின்றால் பலன் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. வனாந்தரத்தில் கர்த்தர் வசனத்தைச் சொன்னதும் பிசாசு விலகிப்போனான். அதோடு முடிந்தது.

2025 மார்ச் 15

நேற்றைய குறிப்பின் கடைசி வரியைத் திருத்துகிறேன். "அதோடு முடிந்தது" என்று எழுதினேன். மத்தேயுவை மட்டும் மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் லூக்கா 4:13-ஐ எடுத்துக் காட்டியிருக்கிறார். பிசாசானவன் சோதனையெல்லாம் முடித்தபின்பு "சிலகாலம்" அவரைவிட்டு விலகிப்போனான். சிலகாலம்! எத்தனையோ முறை வாசித்த வசனம். அந்த ஒரு சொல் என் கண்ணில் நின்றதே இல்லை. ஐயாவுக்கு நன்றி.

2025 மார்ச் 23

தம்பி பதில் எழுதியிருக்கிறார். அவருடைய நேரம் இரவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்தும் மதியம் இரண்டு மணி. நான் எதிர்பார்க்கவே இல்லை. வாரத்தின் பரிசுத்தமான நாளிலேயே, அதுவும் நற்கருணை எடுத்த சில மணி நேரத்தில் என்று மிகவும் உடைந்துபோய் எழுதியிருக்கிறார்.

தம்பி, உங்களுக்கு முன்பே ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மதியத்தைப் பற்றி எழுதிவைத்த ஒருவர் உண்டு. எவாகிரியுஸ் என்று பெயர். எகிப்தின் பாலைவனத்தில் துறவியாக இருந்து 399-இல் இறந்தவர். மனிதனைத் தாக்கும் எட்டு நினைவுகளைப் பிரித்து எழுதினார். போஜனப்பிரியம், காமம், பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை. பிற்காலத்தில் மேற்குத் திருச்சபையில் பேசப்பட்ட ஏழு தலையான பாவங்களுக்கு வேர் இந்தப் பட்டியல்தான். இவற்றில் சோர்வைத்தான் எல்லாவற்றிலும் கொடியது என்கிறார். அதற்கு நண்பகல் பேய் என்று பெயர். தொண்ணூற்றோராம் சங்கீதத்தில் மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம் என்று வருகிறதே, அதிலிருந்து வந்த பெயர். காலை பத்து மணியளவில் தொடங்கி மதியம் இரண்டு மணி வரை பிடிக்குமாம். சூரியன் நகரவே இல்லை, பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றுமாம். துறவி ஜன்னலைப் பார்ப்பான், சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலைப் பார்ப்பான், யாராவது சகோதரர் வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பான். வாசித்தபோது உடம்பு சிலிர்த்தது. சாத்திய அறையில் போனைத் திறந்து மூடி, திறந்து மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவனை நேரில் பார்த்து எழுதியது போல இருந்தது.

அவருடைய சொந்தக் கதையும் உண்டு. துறவியாகுமுன் கான்ஸ்டாண்டிநோபிளில் பேர்பெற்ற பிரசங்கியார். அங்கே மணமான ஒரு பெண்மேல் ஆசை கொண்டார். ஊரை விட்டுப் போய்விடுவதாகச் சுவிசேஷத்தின்மேல் சத்தியம் செய்வது போல ஒரு கனவு கண்டார். விழித்ததும், கனவில் செய்தாலும் சத்தியம் சத்தியம்தான் என்று கப்பல் ஏறிவிட்டார். இவ்வளவு நுட்பமாக மனத்தை ஆராய்ந்தவர், தன் விஷயத்தில் ஆராய்ச்சிக்கு நிற்காமல் ஊரை விட்டுப் போனார்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஞாயிறு மதியம் அறைக்குப் போகாதீர்கள். சபையில் குடும்பமாக இருக்கிற யாரிடமாவது, மதியம் உங்கள் வீட்டில் சாப்பிடலாமா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

2025 ஏப்ரல் 2

அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார். போன், சூதாட்டம், அறைக்கதவு எல்லாம் ஆண்பிள்ளைகள் கதை, என் சோதனை என் நாத்தனார் என்று. பதினோரு ஆண்டுகளாக மன்னிக்கவில்லையாம். இதையும் எழுதியதற்கு நன்றி, அக்கா. எவாகிரியுஸின் பட்டியலில் கோபமும் இருக்கிறது. எனக்கு அதில் அனுபவம் குறைவு. ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. அந்த நினைவுக்கும் ஒரு நேரம் இருக்கிறதா? பாத்திரம் கழுவும்போதா, துணி மடிக்கும்போதா?

(மறுநாள் சேர்த்தது: மாவு அரைக்கும்போது என்று பதில் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் இனிமேல் பிள்ளையை அருகில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறாராம்.)

2025 ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். பேதுரு இயேசுவை மறுதலித்த இடத்தில் எரிந்தது கரிநெருப்பு என்று யோவான் எழுதுகிறார். உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் இயேசு மீன் சுட்டுவைத்துக் காத்திருந்ததும் கரிநெருப்பில்தான். புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. எந்த வாடையில் விழுந்தானோ அதே வாடையில் அவனை உட்காரவைத்துச் சாப்பாடு கொடுக்கிறார். இன்று இதற்குமேல் எழுத முடியவில்லை.

2025 ஏப்ரல் 22

நேற்று போப் பிரான்சிஸ் இறந்துவிட்டார். என் மனைவி கத்தோலிக்க வீட்டிலிருந்து வந்தவள், காலையிலிருந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அவருடைய ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. 2017 டிசம்பரில், கர்த்தருடைய ஜெபத்தில் தேவனே நம்மைச் சோதனைக்குள் நடத்துவது போல ஒலிக்கும் மொழிபெயர்ப்பு நல்லதல்ல, தகப்பன் பிள்ளையை விழச்செய்ய மாட்டான், எழுந்திருக்கத்தான் உதவுவான் என்ற கருத்தில் பேசினார். அதே மாதத்தில் பிரான்சில் அந்த வரி மாறியது. இத்தாலியத் திருப்பலிப் புத்தகத்தில் 2020-இல் மாறியது.

நாங்கள் ஆலயத்தில் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று சொல்கிறோம். அவள் சிறுவயதில் படித்தது "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்". திருமணமாகிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியும் வீட்டு ஜெபத்தில் அந்த இடம் வந்தால் இருவர் குரலும் பிரிந்து, அடுத்த வரியில் மறுபடியும் சேரும். சோதனை என்ற சொல்லே இரண்டு பக்கமும் திறக்கும் கதவு. தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்கிறது ஆதியாகமம். தேவன் ஒருவனையும் சோதிக்கிறவரல்ல என்கிறார் யாக்கோபு. புடம்போடுவதும் ஆசைகாட்டுவதும் தமிழில் ஒரே சொல். யாக்கோபு எழுதிய கிரேக்கத்திலும் அப்படித்தான். இரவு பதினொன்றரைக்கு நடந்ததைத் தேவன் எனக்கு வைத்த பரீட்சை என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. பரீட்சை என்றால் தோற்றாலும் அடுத்த முறை எழுதலாம் அல்லவா! அந்தச் சொல்லுக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொண்டேன்.

மார்ச்சில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். 2023 பிப்ரவரி 22, சாம்பல் புதன். இரவு ஜெபத்துக்கு அவள் என்னைக் கூப்பிட்டாள், வெகுநாளைக்குப் பிறகு. "விழவிடாதேயும்" என்று அவள் சொன்ன இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. சொல்லிவிட்டேன். 3,000 ரூபாய், போர்வை, ஜூன் மாதம், எல்லாவற்றையும். அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து போய் அடுக்களை விளக்கைப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி போட்டாள். தம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "எங்கள் ஊரில் பெரிய வியாழனுக்கு முன்னால் எல்லாரும் வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்துவிடுவோம். உங்கள் சபையில் எங்கே போய் இறக்கி வைப்பீர்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு யோசனை உண்டு. நாளைக்குப் போதகர் ஐயாவிடம் போய்ச் சொல்லுங்கள். நான் கூட வருகிறேன்" என்றாள்.

போனோம். ஐயா பொறுமையாகக் கேட்டார். இலேசாக விட்டுவிடவில்லை. சபைக் கமிட்டியில் நானே சொல்லிப் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்றார். விலகினேன். அந்த ஞாயிறு ஆலயத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒருவரும் என் பக்கம் வரவில்லை. ஒருவர் மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. "முப்பது வருஷம் ஊரார் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தவன் நான். அன்றைய டிக்கெட் கணக்கை அன்றைக்கே முடித்துப் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். ஒரு ராத்திரி பையில் தங்கினால் அது நம் பணம் மாதிரியே தோன்ற ஆரம்பித்துவிடும். தினமும் பத்து மணிக்கு எனக்குக் கூப்பிடு" என்றார்.

அன்றிலிருந்து பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான். "இன்றைக்கு எப்படி?" "நன்றாக இருக்கிறேன், அண்ணாச்சி." நன்றாக இல்லாத நாளில் அதையும் சொல்லுவேன். போன் அதன் பிறகு அடுக்களை அலமாரிக்குப் போய்விடும். அலாரத்துக்குச் சாவி கொடுக்கும் பழைய கடிகாரம் ஒன்றை வாங்கினேன்.

சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அந்தப் "போக்கு" ஏதோ தரிசனமாக, விசேஷ பெலனாக வரும் என்று காத்திருந்தேன். எனக்கு அது தம்ளரில் காப்பியாகவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு கிழவராகவும் வந்தது.

2025 மே 27

இதை எழுத மூன்று நாள் தயங்கினேன். எழுதாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நான்தான் இரவுத் துணை. மூன்றாவது இரவு, வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி. மதியம் தின்ற இரண்டு இட்லியோடு சரி. அண்ணாச்சிக்குக் கூப்பிட்டேன், அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், எடுக்கவில்லை. நேரம் பத்து ஐம்பது. கையில் போன். இரண்டு ஆண்டுகள் மூன்று மாதங்கள் தொடாத ஆட்டத்தை மறுபடி இறக்கினேன். 200 ரூபாய். விரல்கள் எதையும் மறக்கவில்லை. எந்த இடத்தில் அழுத்தினால் எது வரும் என்று நான் யோசிக்குமுன் அவை போய்விட்டன. ஏழு நிமிடத்தில் 200 ரூபாயும் போயிற்று. அடுத்து 500 என்று எண்ணைத் தட்டிவிட்டேன். அப்போது வார்டுக்குள்ளிருந்து அம்மா தண்ணீர் கேட்டார்.

தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து மனைவியைக் கூப்பிட்டேன். சொன்னேன். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "முதலில் போய்ச் சாப்பிடுங்கள், நாளை ராத்திரி நான் இருக்கிறேன், நீங்கள் வீட்டில் தூங்குங்கள்" என்றாள். வாசலில் டீக்கடை திறந்திருந்தது. நான்கு பன்னும் டீயும்.

சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. எழுந்திருந்து போஜனம்பண்ணு என்று தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பப் படுத்துத் தூங்கினான். தூதன் இரண்டாவது முறையும் சாப்பாட்டுக்குத்தான் எழுப்பினான். மார்ச் மாதம் விழிப்பு விழிப்பு என்று எழுதினேனே, தூக்கமும் சாப்பாடும் இல்லாதவனுக்கு விழிப்பு எங்கிருந்து வரும்? அதை நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

தமிழாசிரியர் ஐயா, உங்கள் "சிலகாலம்" என்னைத் தேடி வந்துவிட்டது.

2025 ஜூன் 4

பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை நிறுத்தி வைக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் பிப்ரவரியில் விதி கொண்டுவந்தார்கள். அது செல்லும் என்று நேற்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. செய்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நேரத்துக்குக் காவல் போட வேண்டும் என்பது கோட்டைக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வீட்டில் எத்தனை போர்வைக்குள் அந்த வெளிச்சம் எரிந்திருந்தால் அரசாங்கம் கடிகாரத்தைப் பார்த்து விதி எழுதும்!

2025 ஜூன் 15

தம்பி தொலைபேசியில் பேசினார். இனி "நீ" என்றே எழுதச் சொல்லியிருக்கிறார், எழுதுகிறேன். ஞாயிறு மதியம் அவன் சபையில் ஒரு பெரியம்மா வீட்டில் சாப்பிடுகிறான். எட்டு வாரம் ஆகிறது. அதில் ஒரு வாரம் அவர்கள் ஊரில் இல்லை, அன்று விழுந்தான். அதைச் சொல்ல அவனுக்கு நாக்குக் குழறியது. தம்பி, எட்டில் ஒன்று என்று நீ எண்ணுகிறாய். எனக்கு அன்றிரவே என்னைக் கூப்பிட்டாய் என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது.

2025 ஆகஸ்ட் 24

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் மசோதா இந்த வாரம் 20-ஆம் தேதி மக்களவையிலும் 21-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. மறுநாளே குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டுகின்றன. இன்று ஆலயத்தில் இரண்டு பேர் என் கையைப் பிடித்து, "இனி உனக்குத் தொல்லை இல்லை" என்றார்கள். அன்போடு சொன்னார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். என்னைப் போல் எத்தனையோ பேர் கடனில் விழாமல் தப்புவார்கள்.

ஆனால் அசுத்த ஆவி திரும்பி வந்து, தான் விட்டுப்போன வீடு வெறுமையாகவும் பெருக்கி ஜோடிக்கப்பட்டும் இருக்கக் கண்டது என்று ஒரு உவமை இருக்கிறதே. போனில் அந்த ஆட்டத்தின் சின்னம் இருந்த இடம் இப்போது காலி. இந்த வாரம் இரண்டு இரவு எனக்குத் தெரியாமலேயே கிரிக்கெட் ஸ்கோர், பழைய சண்டைக் காணொளி என்று பன்னிரண்டு மணியைத் தாண்டிவிட்டேன். பணம் போகவில்லை. ஆனால் போன் அடுக்களைக்குப் போகவில்லை என்பதும் உண்மை. அண்ணாச்சியிடம் சொன்னேன். "வளையை அடைத்தால் நண்டு செத்துவிட்டது என்று அர்த்தமா?" என்று கேட்டார். அவர் வயல்காரர் வீட்டுப் பிள்ளை அல்ல. நான் இங்கே எழுதியதை யாரோ அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

காலியான அந்த இரவு நேரத்தில் வீட்டு ஜெபத்தைத் திரும்ப வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு மனைவி அடுத்த நாள் சமையலுக்கு அரிசி அளந்து வைப்பாள். அதில் ஒரு கைப்பிடியைத் தனி டப்பாவில் போடுவது எங்கள் அம்மா வீட்டு வழக்கம், மாதக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். அதை இப்போது நான் செய்கிறேன். என் கையால் ஆலயத்துக்கு ஒன்று எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கு இருக்கிறது.

2025 நவம்பர் 29

நாளை, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. அசன வசூல் தொடங்கிவிட்டது. போன வாரம் கமிட்டியில், பணத்தை எண்ணும் மூன்று பேரில் ஒருவனாக என்னையும் போட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். ஐயா, "தனியாக இல்லை, மூன்று பேர்" என்றார். ஒத்துக்கொண்டேன். வெளியூர்க்காரர்கள் அனுப்பும் பணம் இப்போது யாருடைய எண்ணுக்கும் வருவதில்லை. சபைக் கணக்கின் கியூஆர் அட்டையை ஆலயக் கதவில் ஒட்டியிருக்கிறோம். ஒட்டியது நான்தான்.

தம்பி, உனக்கு ஒரு வேலை. அம்மாவின் மருந்து விஷயமாகத் திங்கட்கிழமை இரவு சென்னைக்குப் பஸ்ஸில் போகிறேன், தனியாக. அண்ணாச்சிக்குக் கண் அறுவை நடந்திருக்கிறது, போனைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது மணிக்குப் பஸ் ஏறுவேன். பத்து மணிக்கு நீ கூப்பிடு. எடுக்காவிட்டால் பத்தேகாலுக்கு மறுபடியும் கூப்பிடு.